வெளிர்நீலக் காரைக் குறை சொன்ன சனிக்கிழமை

"காரைப் பாக்காதையும்," என்றான் சிறி. "மரத்தைப் பாரும், கூரையைப் பாரும், நாய் கீய் நிண்டா அதைப் பாரும். காரை மட்டும் பாக்காதையும்."

"கார் வாங்கத்தானே மச்சான் போறம்."

"அதாலதான் சொல்லுறன்."

மெல்பேர்னின் டண்டினொங்கிலிருந்து அப்வே மலைக்கு ஏறும் றோட்டில் சிறியின் வான் மூச்சு வாங்கிக்கொண்டு போனது. சிறிக்கு டண்டினொங்கில் பலசரக்குக் கடை. பின்னால் கிடந்த மல்லி மூட்டைகள் ஒவ்வொரு வளைவிலும் தாங்களும் யோசித்துப் பார்ப்பவை போல இடமும் வலமுமாகச் சாய்ந்தன. பக்கத்து இருக்கையில் இருந்த அருந்தவன் சிறியின் தங்கை சிவாஜினியின் புருசன். வயது ஐம்பத்திரண்டு. லொறி உதிரிப்பாகங்கள் விற்கிற கிட்டங்கி ஒன்றில் வேலை. அன்று காலை சவரம் செய்து, கல்யாண வீட்டுக்குப் போடுகிற சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அதைக் கண்டவுடனேயே சிறி தலையில் கை வைத்தான். பொருளை விரும்பி வருகிறவன்தான் சவரம் செய்துகொண்டு வருவான் என்பது அவன் கணக்கு.

இரண்டு பேரும் யாழ்ப்பாணம் பெரியகடைச் சந்தையில் கடை வைத்திருந்த குடும்பங்களில் பிறந்தவர்கள். சிறிக்கு அந்த வியாபாரம் கையோடு வந்தது. அருந்தவனுக்கு அதன் சட்டதிட்டங்கள் மட்டும் வந்தன, கை வரவில்லை. போன வருசம் வீட்டுக் கதவைத் தட்டிய சோலார்க்காரனுக்குக் கேட்ட விலையைக் கொடுத்ததோடு நில்லாமல், தேத்தண்ணியும் போட்டுக் கொடுத்து, போகும்போது நன்றியும் சொல்லி அனுப்பினான். ஆயிரம் டொலருக்கு மேற்பட்ட எதையும் அண்ணன் இல்லாமல் வாங்கக்கூடாது என்று சிவாஜினி அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டாள்.

பெரியகடைச் சட்டம் சின்னது. விருப்பம் முகத்தில் தெரிந்தால் விலை ஏறும். ஆகவே விருப்பமுள்ளவன் வாயைத் திறக்கக்கூடாது. விருப்பமில்லாத ஒருவனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கூட்டிப் போனவன் சாமானில் நொட்டை சொல்லுவான். விருப்பமுள்ளவன் "ஓம், அதுவும் சரிதான்" என்று இழுத்தபடி கடைவாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கூறைச்சேலை எடுத்தாலும் இதுதான் முறை, ஆட்டுக்கடா வாங்கினாலும் இதுதான் முறை, மாப்பிள்ளை பார்த்தாலும் பெரிய வித்தியாசமில்லை. விற்கிறவனுக்கும் இது தெரியும். தன் வீட்டுக்குச் சாமான் வாங்கப் போகும்போது அவனும் இப்படி ஒருவனைக் கூட்டிக்கொண்டுதான் போவான். யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. நொட்டை சொல்லாமல் வாங்கிப் போகிறவனைப் பார்த்தால்தான் கடைக்காரனுக்குச் சந்தேகம் வரும்: இவன் காசு கள்ளக் காசோ?

அருந்தவன் விரும்பியது ஒரு எம்.ஜி.ஏ. காரை. ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்த, இரண்டே இரண்டு பேர் இருக்கக்கூடிய, திறந்த கார். மழை வந்தால் இழுத்து மூடத் துணி ஒன்று உண்டு. கூரை என்று சொல்ல ஒன்றுமில்லை. மெல்பேர்னுக்கு வந்த புதிதில், ஸ்பிறிங்வேல் றோட்டில் பஸ்ஸுக்குள் இருந்தபோது, சிவப்பு லைற்றில் பக்கத்தில் ஒன்று வந்து நின்றது. மேலேயிருந்து பார்த்தான். பச்சை விழுந்தது, கார் போனது. அருந்தவன் ஏனென்று தெரியாமல் அடுத்த தரிப்பில் இறங்கி, மழைக்குள் வீடுவரை நடந்தான். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருசம். பூங்காக்களில் பழைய பிரித்தானியக் கார்களை வரிசையாக நிறுத்தி வைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் சோற்றுப் பார்சலோடு போய் நிற்பான். ஜாகுவாரைப் பார்ப்பான், ஹீலியைப் பார்ப்பான், டிரையம்பைப் பார்ப்பான். கடைசியில் எம்.ஜி.ஏ.க்கு முன்னால் போய் நின்று பார்சலை அவிழ்ப்பான். எந்த வருசத்தில் எந்த நிறம் வந்தது, எந்தத் திருகாணி எங்கே இருந்தது, எல்லாம் பாடம். ஒன்றிலும் ஏறி இருந்ததில்லை. அந்தக் கார்களின் கண்ணாடியில் 'தொடாதீர்கள்' என்று எழுதி வைத்திருப்பார்கள்; எழுதி வைத்ததை மதிக்கிற மனிதன் அவன்.

வீட்டுக் கடன் முடிந்த மாதம் சிவாஜினியே சொன்னாள்: "உங்களுக்கு வேற ஒரு கெட்ட பழக்கமும் இல்லை. வாங்குங்கோ. ஆனா அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

விளம்பரத்தில் போட்டிருந்த விலை நாற்பத்திரண்டாயிரம். நியாயமான விலை. அருந்தவனிடம் அது இருந்தது. அதைச் சிறியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"கேட்ட விலையையே குடுக்கப் போறீரோ?" என்றான் சிறி. "நாளைக்கு ஆராவது எவ்வளவெண்டு கேட்டா நான் என்ன முகத்தோட சொல்லுறது?"

வீடு பாதையின் முடிவில், யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் இருந்தது. பின்னால் சற்று உயரத்தில் தகரக் கொட்டகை. வாசலுக்கு வந்தவர் எழுபத்தெட்டு வயது மதிக்கத்தக்க, மெலிந்து உயர்ந்த வெள்ளைக்கார அம்மா. முழங்கை வரை சுருட்டிய ஆண்கள் சேர்ட். பெயர் ஹெதர் என்றார். விறாந்தைக் கம்பியில் ஒரு கையை வைத்தபடி, இரண்டு பேருடைய முகத்துக்கும் சற்றுப் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்துக் கதைத்தார்.

"முகத்தைப் பாத்துக் கதைக்கேல்ல," என்றான் சிறி, தமிழில், உதடு அசையாமல். "விலை கூடச் சொல்லிப்போட்டம் எண்டு தெரியும் அவவுக்கு." பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, தன் கடையில் மொத்தக் கொள்வனவுக்காரர்களோடு கதைக்கிற கனத்த குரலில் கேட்டான்: "உங்கள் கணவரோடு கதைக்கலாமா?"

"முயன்று பாருங்கள்," என்றார் ஹெதர். "பத்தொன்பது வருசமாகக் கல்லறையில் இருக்கிறார். உயிரோடு இருந்த காலத்திலும் இந்தக் காரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ரொயோற்றாக் கார் ஓடினார். நல்ல மனிதர்."

காரை வாங்கியது ஹெதர். கழற்றியது ஹெதர். பதினொரு வருசம் அந்தக் கொட்டகையில் இருந்து திரும்பப் பூட்டியதும் ஹெதர். இப்போது அடுத்த கிழமை ஒரு சின்ன வீட்டுக்கு மாறுகிறார். அங்கே கார் விட இடமில்லை. இதையெல்லாம் சொல்லிக்கொண்டு, வேலியைக் கையால் தடவியபடி முன்னால் நடந்தார்.

கொட்டகை வாசலில் நின்றார். "விலையில் மாற்றமில்லை. வருகிற எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்பேன். இதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? அவ்வளவுதான்."

"மாற்றமில்லை எண்டு முதலே சொன்னா, கனக்க மாறும் எண்டு அர்த்தம்," என்று சிறி தமிழில் மொழிபெயர்த்தான்.

ஹெதர் துணியைப் பிடித்து இழுத்தார்.

அருந்தவன் கூரையைத்தான் பார்த்தான். சத்தியமாகப் பார்த்தான். தகரக் கூரை, ஒரு சிலந்திவலை, ஒரு பழைய ஏணி. துணி வழுகி நிலத்தில் விழுந்த சத்தம் கேட்டதும் கண் தானாக இறங்கிவிட்டது.

வெளிர்நீலம். பால் கலந்த நீலம், சாம்பல் நிறத் தோல் இருக்கைகள். அந்தக் கோடு முன்விளக்குக்கு மேலே தொடங்கியது. முன்சில்லுக்கு மேலால் ஏறி, கதவடியில் ஒரு மூச்சுக்குத் தாழ்ந்து, பின்சில்லுக்கு மேலே மறுபடி திரண்டு, வால் விளக்கில் போய் அடங்கியது. வரைந்தவன் இடையில் பென்சிலை எடுக்கவே இல்லை. இந்தக் காலத்துக் கார்களின் உடம்பெல்லாம் மடிப்பு. ஒன்றும் சொல்ல இல்லாதவன் ஓயாமல் கதைப்பது போல. இதில் தேவையில்லாத ஒரு வளைவு கிடையாது. முன்னாலுள்ள கிறில்கூட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்காமல், வருகிற காற்றுக்கு வழிவிடுவது போலச் சற்றுப் பின்னால் சாய்ந்திருந்தது. பொனற்றின் இரண்டு ஓரத்திலும் மீனின் செவுளைப் போல இரண்டு காற்றுத் துளைகள். நின்ற இடத்தில் நின்றபடியே அது போய்க்கொண்டிருந்தது.

சிறி அவன் காலை மிதித்தான். "முகம் மச்சான், முகம்."

அருந்தவனுக்குத் தன் முகம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அதை எடுத்துச் சரிசெய்ய முயன்றான்.

"சின்னக் கார்," என்று ஹெதரிடம் ஆரம்பித்தான் சிறி. "மிகவும் சின்னது."

"ஆம்."

"கூரை இல்லை. றேடியோ இல்லை. கோப்பி வைக்க இடமில்லை. குடும்பத்தோடு கோயிலுக்குப் போக முடியாது."

"முடியாது," என்று ஹெதர் ஒப்புக்கொண்டார்.

சிறிக்குச் சூடு பிடித்தது. காரைச் சுற்றி வந்தான். குனிந்து உள்ளே பார்த்தான். "நிலத்துக்குப் பலகை போட்டிருக்கிறார்கள். இது காரா, வள்ளமா?"

"தொழிற்சாலையிலேயே பலகைதான் போட்டார்கள். அந்தப் பலகைகளை அளந்து வெட்டியது நான்."

"கதவுக்குக் கைபிடி விழுந்துபோய்விட்டது," என்றான் சிறி, கதவை மேலும் கீழும் தடவியபடி. "இந்தப் பக்கமும் இல்லை. அந்தப் பக்கமும் இல்லை. இரண்டு கைபிடியும் இல்லாமல் எப்படி விற்கிறீர்கள்?"

கைபிடி விழவில்லை. அந்தக் காருக்கு வெளியே கைபிடியே வைக்கவில்லை. வைத்தால் அந்தக் கோட்டை இடையில் வெட்டிவிடும் என்று விட்டுவிட்டார்கள் என்றே அருந்தவன் நம்பினான். அந்த நம்பிக்கை கிளம்பிய வேகத்தில் அவனுடைய கையும் கிளம்பியது. கதவுக்கு மேலால் உள்ளே விட்டு, காணாத இடத்தில் கிடந்த கயிற்றை விரலால் கொளுவி இழுத்தான். 'டிக்' என்று கதவு திறந்தது.

ஹெதரின் தலை சட்டென்று திரும்பியது. "யார் திறந்தது?"

"இவர்," என்றான் சிறி.

"அந்தக் கயிறு இருப்பது எப்படித் தெரியும்? வந்தவர்களில் பாதிப் பேர் தேடிக் களைத்துப்போனார்கள்." குரலில் ஒரு துள்ளல் வந்திருந்தது. அருந்தவனுக்கு அது நன்றாகக் கேட்டது. இருபத்தைந்து வருசமாகத் தெரியும் அம்மா, என்று சொல்ல வாயெடுத்தான்.

"தற்செயலாகக் கை பட்டுவிட்டது," என்று சிறி முந்திக்கொண்டான். தமிழில், "சொல்லும்," என்றான்.

"தற்செயலாக," என்றான் அருந்தவன்.

"ஓ," என்றார் ஹெதர். துள்ளல் போய்விட்டது.

சிறி குனிந்து சில்லுக்குப் பின்னால் விரலை விட்டுத் துருக் கறள் தேடினான். கிடைக்கவில்லை, ஆனாலும் விரலை வெளிச்சத்தில் பிடித்து வருத்தத்தோடு தலையாட்டினான். ஹெதர் அருந்தவன் நின்ற பக்கமாகத் திரும்பினார்.

"உங்கள் நண்பர் நிறையச் சொல்லிவிட்டார். வாங்குகிறவர் நீங்கள்தானே? நீங்கள் சொல்லுங்கள். என்ன தோன்றுகிறது?"

அருந்தவன் சிறியைப் பார்த்தான். சிறி கண்ணால் ஒரு குறை கேட்டான். ஒன்று போதும், சின்னதாய்ப் போதும். இவ்வளவு பாடுபட்டு நொட்டை சொல்லிக்கொண்டு நிற்கிற மனிதனைக் கைவிடுவதும் பெரிய துரோகம்தான். கடையில் ஆளில்லாமல், சனிக்கிழமை வியாபாரத்தை விட்டு வந்திருக்கிறான். காருக்கு நோகாத குறை ஒன்றை அருந்தவன் தேடினான்.

"இடப்பக்கக் கதவு," என்றான். "பின்விளிம்பில் இடைவெளி கொஞ்சம் கூட. இரண்டு மில்லிமீற்றர் இருக்கும்."

ஹெதர் நடந்து போய் அந்த விளிம்பில் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார்.

"மூன்று தரம் கழற்றிப் பூட்டினேன்," என்றார் மெதுவாக. "மூன்று தரமும் அந்த இரண்டு மில்லிமீற்றர் சரிவரவில்லை. இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. உங்களுக்கு நல்ல கண்." கையை எடுத்துச் சேர்ட்டில் துடைத்தார். "அந்தக் கண்ணுக்கு இங்கே தெரிந்தது இவ்வளவுதானா?"

சிறிக்கு இது வெற்றியாகப் பட்டது. விற்கிறவர் ஒரு குறையை ஒப்புக்கொண்டுவிட்டார். இனி விலை பேசலாம். இருபத்தெட்டாயிரம் என்றான். ஹெதர் நாற்பத்திரண்டு என்றார். சிறி முப்பது என்றான், கதவுக் குறையைக் கழித்துக்கொண்டு. ஹெதர் நாற்பத்திரண்டு என்றார். சிறி பெருமூச்சு விட்டு, நேரத்தைப் பார்த்து, அருந்தவனின் தோளில் தட்டி, "வாரும் மச்சான், போவம்," என்றான்.

"படியைப் பார்த்து இறங்குங்கள்," என்றார் ஹெதர்.

இந்த எழும்பிப் போகிற வேலையும் பெரியகடையில் உள்ளதுதான். வாங்குகிறவன் செருப்பைக் கொளுவிக்கொண்டு இறங்குவான். மூன்றாவது கடையைத் தாண்டுவதற்கு முன்னர் பின்னாலிருந்து சத்தம் வரும்: "தம்பி, சரி வாரும், எவ்வளவு தருவீர்?" மூன்றாவது கடையும் தாண்டிச் சத்தம் வராவிட்டால், செருப்பில் கல் புகுந்துவிட்டது என்று குனியலாம். அப்வே மலையில் அடுத்தடுத்துக் கடைகள் இல்லாதபடியால் இரண்டு பேரும் வானுக்குள் ஏறிக் காத்திருந்தார்கள். சிறி என்ஜினை ஸ்டார்ட் செய்து, போகாமல் வைத்திருந்தான்.

"அஞ்சு நிமிசம். கூப்பிடுவா."

"கூப்பிடாட்டி?"

"எண்டைக்காவது கூப்பிடாமல் விட்டிருக்கினமோ?"

ஐந்து நிமிசம் போனது. வேலியில் ஒரு மக்பைப் பறவை வந்திருந்து வானைப் பார்த்தது. குசினி ஜன்னலுக்குள்ளே ஹெதர் சுவரில் இருந்த ரெலிபோனை எடுத்து, எண்களை ஒவ்வொன்றாக விரலால் தடவி அழுத்துவது தெரிந்தது.

"பாத்தீரோ," என்றான் சிறி. "மகனுக்கோ ஆருக்கோ எடுக்கிறா. குறைக்கட்டோ எண்டு கேக்கிறா. முப்பத்தைஞ்சில முடிப்பம். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்."

ஹெதர் கதைத்துக்கொண்டிருந்தார். ஒருதரம் சிரித்தார். அருந்தவனுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. காரை விலை குறைத்துக் கொடுக்கப் போகிற ஆள் அப்படிச் சிரிப்பதில்லை. அவன் கதவைத் திறந்தான்.

"எங்கை போறீர்? மச்சான், இப்ப போனா எல்லாம் பாழ். இரும். ரெண்டு நிமிசம் இரும்."

அருந்தவன் இருக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாக, விலை முடியாத கடைக்குள் தானாகத் திரும்பிப் போனான்.

ஹெதர் குசினிக் கதவடியில் நின்றார். "போய்விட்டீர்கள் என்று நினைத்தேன்."

"நாற்பத்திரண்டு தருகிறேன்," என்றான் அருந்தவன். மூச்சு வாங்கியது. "கேட்ட விலை. இன்றைக்கே."

"கார் கொடுத்தாகிவிட்டது," என்றார் ஹெதர். "இப்போதுதான். டார்னெய்ட்டில் இருக்கிற ஒரு பெண். ப்ரீத்தி. பல் வைத்தியம் பார்க்கிறாள். வியாழக்கிழமை வந்தாள். சனிக்கிழமை ஒருவர் வருகிறார், அவரையும் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். பார்த்துவிட்டேன்."

அருந்தவன் அந்தக் கதவடியில் நின்றான். இனி விலை இல்லை, குறைக்க ஒன்றுமில்லை, காலை மிதிக்க ஆளில்லை. அதுவரை உள்ளே அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒழுங்கில்லாமல் வெளியே வந்தது. பஸ்ஸிலிருந்து பார்த்ததைச் சொன்னான். அந்தக் கோட்டைச் சொன்னான், கதவடியில் அது தாழ்கிற இடத்தைக் கையால் காற்றில் காட்டினான். கைபிடி வைக்காமல் விட்ட மனிதர்களுடைய துணிச்சலைச் சொன்னான். ஹோர்ன் பொத்தானை ஸ்ரியறிங்கிலே வைக்காமல் டாஷ்போட்டின் நடுவில் கொண்டுபோய் வைத்த கிறுக்கைச் சொன்னான். இருக்கைக்குப் பின்னால் ஒளித்து வைத்த இரண்டு குட்டி பெற்றறிகளைச் சொன்னான். அந்த இரண்டு மில்லிமீற்றர் கண்ணில் பட்டது, மற்ற எல்லாம் மயிரிழை பிசகாமல் இருந்தபடியால்தான் என்று சொன்னான். ஆங்கிலம் இடையிடையே அறுந்தது, அவன் நிறுத்தவில்லை.

ஹெதர் கதவு நிலையில் சாய்ந்தபடி முழுவதையும் கேட்டார்.

"இதெல்லாம் கொட்டகைக்குள் நிற்கும்போதே உங்களுக்குத் தெரியுமா?"

"என் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்," என்றான் அருந்தவன். "மறைக்கத் தெரியவில்லை. மச்சான் காலை மிதித்தார்."

"முகம்," என்றார் ஹெதர். "எனக்குக் கண்ணின் நடுப்பகுதி போய் இரண்டு வருசம். ஓரங்கள்தான் தெரியும். நீங்கள் இப்போது எனக்கு ஒரு சேர்ட் கொலர். வீடு மாறுவதும் அதனால்தான், காரை விற்பதும் அதனால்தான், இனி ஓட்ட முடியாது. நீங்கள் வாயால் சொன்னது மட்டும்தான் என்னிடம் இருந்தது."

அருந்தவன் கொலரில் கையை வைத்தான்.

"உங்களை நம்புகிறேன்," என்றார் அவர். "இதில் பாதியை அரை மணித்தியாலத்துக்கு முன்னர் சொல்லியிருந்தால் கார்த் திறப்பை உங்கள் கையில் தந்திருப்பேன். ஆனால் அந்தப் பெண்ணுக்கு வார்த்தை கொடுத்துவிட்டேன்."

அவளுக்குத் திரும்பப் போன் எடுத்துச் சொல்லுங்கள் என்று கேட்க வாய் வந்தது. கேட்க முடியவில்லை. பெரியகடையிலும் அப்படித்தான். 'எடு' என்று சொல்லும்வரை எந்தப் பொய்யும் செல்லும். எந்த நடிப்பும் செல்லும். சொன்ன பிறகு, பக்கத்தில் நின்றவன் இரண்டு மடங்கு தருகிறேன் என்றாலும் சாமான் சொன்னவனுக்குத்தான். அந்தச் சட்டத்தை மீறிய கடைக்காரனை அவன் குடும்பத்தில் ஒருவரும் மனிதனாக மதித்ததில்லை.

சிறி ஓடி வந்தான். அருந்தவன் இரண்டு சொல்லில் விசயத்தைச் சொன்னான். அடுத்த கணம் சிறி, வானில் கியர் மாற்றுவது போலக் குரலை மாற்றினான்.

"அம்மா, எவ்வளவு அழகான கார்," என்றான் ஹெதரிடம். "அந்தப் பலகை, என்ன பலகை. கைபிடி இல்லாதது எவ்வளவு நல்லது, கள்ளர் திறக்க மாட்டார்கள். நாற்பத்தைந்து தருகிறோம்."

ஹெதர் வாய்விட்டுச் சிரித்தார். "அந்தச் சின்னக் கார் இவ்வளவு சீக்கிரம் வளர்ந்துவிட்டதா?"

"நாற்பத்தெட்டு."

"மச்சான், விடுங்கோ," என்றான் அருந்தவன்.

"அந்தப் பெண் எவ்வளவு தருகிறாள்?"

"முப்பத்தொன்பது," என்றார் ஹெதர். "தன்னிடம் அவ்வளவுதான் இருக்கிறது என்றாள்."

சிறிக்கு இது நெஞ்சில் பட்டது. தோற்றதை அவன் தாங்கியிருப்பான்; குறைந்த விலைக்குத் தோற்றதைத்தான் தாங்க முடியவில்லை. தமிழுக்கு வந்தான். "விலை மாறாதெண்டு எங்களுக்குச் சொன்னவ. அவளுக்கு மூவாயிரம் விட்டிருக்கிறா. அவள் என்ன சொல்லிக் குறைச்சவள் எண்டு கேளும்."

அருந்தவன் கேட்டான்.

"குறைக்கச் சொல்லவில்லை," என்றார் ஹெதர். "காரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் அழுதாள்."

"அழுதவளோ," என்றான் சிறி. "அது எங்களுக்குத் தோணேல்லையே மச்சான்."

சிறியின் பொக்கற்றுக்குள் போன் அடித்தது. சிவாஜினி. எடுக்காமல் அருந்தவனிடம் நீட்டினான். அருந்தவனும் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

போவதற்குத் திரும்பியபோது ஹெதர், கேட்கத் தயங்குகிறவர் போல, ஒரு உதவி கேட்டார். பின்னேரம் ப்ரீத்தி வாகனம் ஏற்றுகிற லொறியோடு வருகிறாள். கொட்டகைவரை லொறி ஏறாது. காரைக் கேற்றடிக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் ஊரில் இல்லை.

"ஸ்டார்ட் செய்து ஓட்டி வரட்டுமா?" என்று அருந்தவன் கேட்டான். குரலை எவ்வளவு சாதாரணமாக வைக்க முடியுமோ அவ்வளவு சாதாரணமாக வைத்தான்.

"அது முடியாது," என்றார் ஹெதர். "இனி முதல்தரம் ஸ்டார்ட் செய்வது அவளாக இருக்க வேண்டும் என்று கேட்டாள். சரி என்றேன். தள்ளித்தான் கொண்டுவர வேண்டும். ஒருவர் உள்ளே இருந்து ஸ்ரியறிங்கைத் திருப்ப வேண்டும்."

சிறி சேர்ட்டுக் கைகளைச் சுருட்டிக்கொண்டு காரின் பின்னால் போனான். எழுபத்தெட்டு வயது மனுசி கேட்டு மறுக்கிற குடும்பத்தில் அவன் பிறக்கவில்லை. "ஏறும்," என்றான் அருந்தவனிடம். "நான் ஏறினா இடுப்புக் கொள்ளாது."

அருந்தவன் ஏறி இருந்தான். இருக்கை நினைத்ததைவிடத் தாழ்வாக இருந்தது. கையை வெளியே விட்டால் நிலம் தட்டுப்படும் போலிருந்தது. ஸ்ரியறிங் மெல்லியது, கம்பி கம்பியாக இழுத்துக் கட்டியது. எல்லாம் அவனுக்குத் தெரிந்தவை. ஒன்று மட்டும் எந்தப் பூங்காவிலும், எந்தப் புத்தகத்திலும் பார்த்திராதது. உள்ளே இருந்து முன்னால் பார்க்கும்போது இரண்டு மட்கார்ட்டும் பொனற்றுக்கு இரண்டு பக்கமும் உயர்ந்து, குனிந்து நடக்கிற ஒரு மாட்டின் தோள்களைப் போலத் தெரிந்தன. வெளியே நிற்கிறவனுக்கு அந்தக் கோடு. உள்ளே இருக்கிறவனுக்கு இது. வரைந்தவன் இரண்டு பேரையும் நினைத்திருக்கிறான்.

"மச்சான், தள்ளுறன்," என்றான் சிறி. ஹெதரும் ஒரு பக்கம் கையை வைத்தார். கார் கொட்டகையை விட்டு இறங்கி, சரளைக் கல்லில் சிறு சத்தத்தோடு வெளிச்சத்துக்கு வந்தது. பிறகு சரிவு. தள்ளியவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். கார் தன்பாட்டில் உருண்டது. காற்று முகத்தில் பட்டது. மரங்களின் நிழல் பொனற்றில் ஏறி, தோள்களில் வழிந்து, அவன் மடிமேல் விழுந்து பின்னால் போனது. என்ஜின் சத்தம் இல்லை, ஒன்றும் இல்லை. ஓடினால் எப்படி இருக்கும் என்று நினைக்க அவன் துணியவில்லை.

"கேற்றடியில், தபால் பெட்டிக்கு இந்தப் பக்கம்," என்று ஹெதர் பின்னாலிருந்து சொன்னார். "அங்கே நிறுத்திவிடுங்கள்."

இன்னும் இருபது மீற்றர்கூட இருக்காது. பின்னால் சிறி கற்களில் வழுக்கியபடி ஓடி வந்துகொண்டிருந்தான். "மச்சான், சிட்னியில ஒண்டு நிக்குதாம்," என்று மூச்சு வாங்கச் சொன்னான். "வானுக்குள்ள இருந்து போனில பாத்தனான். சிவப்பு. இதைவிட மலிவு. இந்தமுறை நான் வாயைத் திறக்கமாட்டன், நீர் அழும்."

தபால் பெட்டி வந்தது. அருந்தவன் பிரேக்கை மிதித்தான். கார் சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றது.